கேட்வே பச்சை, திரை சாம்பல்: மலைத் துணை மின்நிலையத்தின் ஸ்காடா கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிய நாள் முதல் நீலகிரியில் மின்கருவிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. பழையதை ஒரே மூச்சில் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட எந்த நிலையத்துக்கும் வாய்ப்பில்லை. ஆகவே, ஒரே கட்டுப்பாட்டு அறைக்குள் ஐஇசி 60870-5-101 நெறிமுறையில் சீரியல் கம்பிவழி பேசும் பழைய ஆர்டியு (நிலையத்தின் தரவைத் திரட்டித் தொலைவுக்கு அனுப்பும் கருவி), ஐஇசி 61850 பேசும் புதிய ரிலேக்கள் (பாதுகாப்புக் கருவிகள்), மாட்பஸ் பேசும் மீட்டர், இவை எல்லாவற்றையும் திரட்டி ஐஇசி 60870-5-104 ஆக மாற்றி மேலே கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பும் கேட்வே என்று பலவும் அருகருகே இருப்பதைக் காணலாம். இத்தகைய நிலையத்தில் பணிபுரியும் ஷிஃப்ட் பொறியாளரையும் தகவல்தொடர்புப் பிரிவினரையும் மனத்தில் கொண்டு, நிலையத்தைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பான ஸ்காடாவின் கோளாறுகளுக்கு இந்த வழிமுறை எழுதப்படுகிறது.

இவ்வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் எந்தக் கருவியும் பழுதாகியிருப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரு பக்கமும் தத்தம் கோப்பின்படி சரியாகவே இயங்கும். அந்த இரண்டு கோப்புகளும்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்கும். ஆகவே கார்டை மாற்றுவதற்கு முன் காகிதங்களை ஒப்பிட வேண்டும். நிலையத்தின் பாயிண்ட் லிஸ்ட் (எந்த அளவீடு எந்த முகவரியில் வரும் என்ற பட்டியல்), கட்டுப்பாட்டு மையத்திடம் உள்ள பாயிண்ட் லிஸ்ட், இரு தரப்பும் நிரப்பிய இயைபுப் படிவம் ஆகிய மூன்றும் மேசை மேல் இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல்தான். 101, 104 ஆகிய இரு நெறிமுறைகளின் தரநிலை ஆவணங்களிலும் எந்த வசதி உண்டு, எது இல்லை என்று கட்டம் கட்டமாகக் குறிக்கும் படிவம் இருக்கிறது. பல இடங்களில் அது ஒப்பந்தக் கோப்புக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுப்பதில் செலவாகும் அரைமணி நேரம் வீண்போவதில்லை.

கட்டளைப் பாதையைத் தொடும் எந்தச் சோதனைக்கும் முன்னால் கட்டுப்பாட்டு மையத்திடம் அனுமதி பெற்று, சம்பந்தப்பட்ட பே பகுதியின் (ஒரு லைனுக்குரிய கருவித் தொகுதி) தேர்வு சுவிட்சை லோக்கலில், அதாவது தொலைக் கட்டளையை ஏற்காத நிலையில், வைத்துவிட வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

இணைப்பே ஏறவில்லை

மையத்தின் திரையில் நிலையம் முழுவதும் சாம்பல் நிறத்தில் இருந்தால் கீழிருந்து மேலே ஏறிச் செல்ல வேண்டும். சுவிட்சின் போர்ட் விளக்கு எரிகிறதா என்று பார்த்தபின், கண்ணாடியிழைப் பாதையாயின் பெறும் முனையில் ஒளித்திறன் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல் இழப்பு இயல்பானது. 40 கிலோமீட்டர் பாதையில் 14 டெசிபெல் வரை எதிர்பார்க்கலாம், இணைப்பிகளுக்கும் ஒட்டுகளுக்கும் தனியே சிறிது சேர்த்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே ஆறேழு டெசிபெல் போகிறதென்றால் முனையில் அழுக்கோ, எங்கேனும் நெருக்கமான வளைவோ, ஈரம் புகுந்த ஒட்டோ இருக்கிறது என்று பொருள். சாலையோரமாகப் புதைத்த இழையாயின் மண்சரிவையும் சாலை அகலப்படுத்தும் இயந்திரத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோபுர உச்சியின் புவிக்கம்பிக்குள்ளேயே செல்லும் இழைக்கு இவ்விரு தொல்லைகளும் குறைவு.

பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) போய்த் திரும்பி வருகிறது, ஆனால் 104 நெறிமுறைக்குரிய 2404 போர்ட் திறக்கவில்லை என்றால் வழியிலுள்ள ஃபயர்வாலையும், ஆர்டியுவுக்குள் இருக்கும் அனுமதிக்கப்பட்ட மாஸ்டர் (மைய சர்வர்) பட்டியலையும் பார்க்க வேண்டும். முதன்மை மையத்துக்கு ஏறி, மாற்று மையத்துக்கு மட்டும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் மாற்று மையத்தின் ஐபி முகவரி அந்தப் பட்டியலில் இல்லாததே காரணமாக இருக்கும். அவசரத்துக்கு ஃபயர்வாலை முழுவதும் திறந்துவிட்டு, பிறகு மூடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரவே கூடாது. 104 நெறிமுறையில் கடவுச்சொல்லும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. அந்தப் போர்ட்டை எட்டக்கூடிய எவரும் லைனை இணைத்துத் துண்டிக்கும் பிரேக்கருக்குக் கட்டளை அனுப்பிப் பார்க்கலாம்.

டிசிபி இணைப்பு ஏறிய பிறகும் தரவு ஒன்றும் வரவில்லை என்றால் வயர்ஷார்க் மென்பொருளில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்ப்பதே குறுக்குவழி. 68 04 07 00 00 00 என்ற ஆறு பைட்டுகள் மையத்திலிருந்து வந்தால், அது தரவு அனுப்பத் தொடங்கு என்னும் கோரிக்கை. அது ஒருபோதும் வராமல் 68 04 43 00 00 00 என்ற சோதனைச் சட்டமும் (ஃபிரேம்), அதற்கு 68 04 83 00 00 00 என்ற பதிலும் மட்டும் மாறிமாறி ஓடிக்கொண்டிருந்தால், அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது, ஆனால் காத்திருப்பில் இருக்கிறது. இரட்டைப் பாதை அமைப்பில் ஒரு பாதை இப்படி இருப்பது முறையே. இரண்டு பாதைகளுமே இப்படி இருந்தால் நிலையத்தில் துருவுவதை நிறுத்திவிட்டு, மைய சர்வரின் ரெடண்டன்சி (இரட்டைப் பாதை) அமைப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தொடங்கு கோரிக்கையும் வந்து, பொது வினவலும் (எல்லா மதிப்புகளையும் ஒருசேரக் கேட்பது) வந்து, அதற்கு மறுப்பு பதிலாகப் போகிறதென்றால் காரண எண்ணைப் படிக்க வேண்டும். 44 என்றால் அந்த வகைத் தரவை ஆர்டியு அறியாது. 46 என்றால் நிலைய முகவரி பொருந்தவில்லை. 47 என்றால் பாயிண்ட் முகவரி பட்டியலில் இல்லை. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்திருப்பவருக்கு விற்பனையாளரின் ஆளை வரவழைக்கும் தேவை பாதியாகக் குறையும்.

பழைய 101 பாதையில் இன்னொரு பொறி உண்டு. அங்கே பாயிண்ட் முகவரி ஒன்று, இரண்டு அல்லது மூன்று பைட் நீளத்தில் இருக்கலாம். 104-இல் எப்போதும் மூன்றுதான். அனுப்புபவர் இரண்டு பைட்டும் பெறுபவர் மூன்று பைட்டும் வைத்திருந்தால், முகவரியை அடுத்து வரும் தரவு பைட்டும் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும். 1001 என்று வரவேண்டிய பாயிண்ட், அதன் நிலை 1 ஆக இருக்கும்போது, 66537 என்று வந்து நிற்கும். வித்தியாசம் சரியாக 65536. பட்டியலிலேயே இல்லாத இவ்வளவு பெரிய முகவரி தென்பட்டால் வேறெதையும் தேட வேண்டாம், முகவரி நீளத்தைத் திருத்தினால் போதும். அதேபோல் 101-க்கு இரட்டைப்படைப் பேரிட்டி (பிழையைக் காட்டும் கூடுதல் பிட்) கட்டாயம்; இடையில் வைத்த மலிவான மோடமோ மாற்றியோ பேரிட்டி இல்லாத அமைப்பில் இருந்தால் விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும், சட்டம் ஒன்றுகூடத் தேறாது.

ஏறுகிறது, விழுகிறது, மீண்டும் ஏறுகிறது

எத்தனை நொடிக்கு ஒரு முறை விழுகிறது என்பதைக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியே பெரும்பாலும் விடையைச் சொல்லிவிடும். 104-இன் இயல்புநிலை அளவுகள் இவை: பதிலுக்குக் காத்திருக்கும் டி1 15 நொடி, ஒப்புகை அனுப்பும் டி2 10 நொடி, சும்மா இருக்கும்போது சோதனைச் சட்டம் அனுப்பும் டி3 20 நொடி. சோதனைச் சட்டம் போன பிறகு மிகச் சரியாக 15 நொடியில் விழுகிறதென்றால் பதில் வரவில்லை என்று பொருள். பாதையில் ஒரு திசை மட்டும் அடைபட்டிருக்கக்கூடும். சில நிமிடங்கள் அமைதியாக இருந்த பிறகு மட்டும் விழுகிறதென்றால், இடையிலுள்ள ஃபயர்வாலோ சிம் நிறுவனத்தின் முகவரி மாற்றியோ சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டிக்கிறது. டி3-ஐ அந்தக் கால அளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

இணைப்பு விழாமல், தரவு மட்டும் 10 நொடிக்கு ஒரு தரம் கொத்துக் கொத்தாக வருவது தனி அறிகுறி. ஒப்புகை பெறாமல் எத்தனை சட்டங்கள் அனுப்பலாம் என்பதைக் கே என்ற அளவும், எத்தனை சட்டங்கள் பெற்றபின் ஒப்புகை அனுப்ப வேண்டும் என்பதை டபிள்யூ என்ற அளவும் தீர்மானிக்கின்றன. இயல்பில் கே 12, டபிள்யூ 8. டபிள்யூ, கே-யின் மூன்றில் இரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது தரநிலையின் பரிந்துரை. நிலையத்தில் யாரோ கே-யை 4 என்று வைத்துவிட்டு மையத்தில் டபிள்யூ 8 ஆகவே இருந்தால், நிலையம் நான்கு சட்டங்கள் அனுப்பிவிட்டு ஒப்புகைக்காக நிற்கும். மையமோ எட்டாவது சட்டம் வருவதற்காகக் காத்திருக்கும். டி2 தீர்ந்து மையம் ஒப்புகை அனுப்பும்வரை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். இதை நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று எழுதி அலைவரிசை அகலத்தைக் கூட்டக் கேட்பது பணத்துக்குப் பிடித்த கேடு.

இணைப்பு ஏறி, தொடக்கக் கோரிக்கைக்கும் பதில் கிடைத்து, பொது வினவல் வந்தவுடன் மட்டும் தொங்கி விழுகிறதென்றால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். சிறிய பாக்கெட்டுகள் நுழைந்துவிடும். வினவலுக்கான பதில்கள் ஒன்றாகத் திரண்டு பெரிய பாக்கெட்டாகும்போது, விபிஎன் சுரங்கத்தின் (பொது வலைக்குள் அமைத்த தனிப் பாதை) கூடுதல் தலைப்பு காரணமாக 1500 பைட் வரம்பைத் தாண்டிக் கீழே விழும். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 பைட் அளவில் பிங் அடித்துப் பார்த்து, அது போகாமல் அளவைக் குறைத்தபின் போகிறதென்றால் விஷயம் உறுதி. சுரங்கத்தின் இரு முனைகளிலும் டிசிபி பாக்கெட்டின் அளவைக் குறைத்துவிட்டால் சரியாகும்.

மழைக்காலத்தில் மட்டும் விழும் பாதைகளைப் பருவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரிச் சரிவில் வடகிழக்குப் பருவத்திலும் மழை கனக்கும். செயற்கைக்கோள் வழியாகச் செல்லும் விசாட் இணைப்பு பெருமழையில் மங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. விசாட்டில் போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும் என்பதால், உள்ளூர் வலைக்காக வைத்த காலவரம்புகளை அப்படியே வைத்திருக்கக்கூடாது. செல்பேசி மோடத்தில் வேறு வகைச் சிக்கல்: மின்சாரம் போனதும் கோபுரத்தின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுவதால், மையத்துக்குத் தகவல் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அது ஊமையாகிவிடும். இதற்கு அமைப்பைத் திருத்திப் பயனில்லை. வேறு ஊடகத்தில் இரண்டாம் பாதை வேண்டும்.

இணைப்பு இருக்கிறது, மதிப்பு அசையவில்லை

ஃபீடரின் (நிலையத்திலிருந்து மின்சாரம் வெளியே செல்லும் லைன்) ஆம்பியர் காலையிலிருந்து ஒரே எண்ணாக நிற்கிறது, பேனல் மீட்டரிலோ முள் ஆடுகிறது. முதலில் தரக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். பழைய மதிப்பு, செல்லாத மதிப்பு, கையால் இட்ட மதிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி பிட்டுகள் உண்டு. சில கேட்வேக்கள் கீழ்க்கருவி இறந்துவிட்டபோதும் கடைசி மதிப்பை நல்ல மதிப்பு என்றே முத்திரையிட்டு அனுப்பும். மீட்டரின் கம்பியைக் கழற்றிவிட்டு, மையத்தில் நிறம் மாறுகிறதா என்று கேட்பதே இதற்கான சோதனை. நிறம் மாறவில்லை என்றால் கோளாறு கேட்வேயின் அமைப்பில் இருக்கிறது. இது மற்ற கோளாறுகளைவிட ஆபத்தானது, ஏனெனில் பொய்யை உண்மைபோல் காட்டுகிறது.

தரக் குறியீடு நன்றாகவே இருந்தால் டெட்பேண்டைப் பார்க்கலாம். 400 ஆம்பியர் முழு அளவுக்கு 5 சதவீதம் என்று வைத்தால் 20 ஆம்பியர் மாறினால்தான் புதிய மதிப்பு அனுப்பப்படும். எஸ்டேட் பகுதிக்குப் போகும் ஃபீடர் தேயிலை ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாளில் 12-க்கும் 28-க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தால், அடுத்த பொது வினவல் வரும்வரை மையம் ஒன்றையும் அறியாது. சமவெளியின் கனத்த ஃபீடருக்காக எழுதிய வார்ப்புருவை மலைக்கு அப்படியே நகலெடுத்ததன் விளைவு இது.

மதிப்பு வருகிறது, நம்ப முடியவில்லை

தவறான எண்ணைத் தவறு என்று ஒதுக்காமல் எவ்வளவு தவறு என்று பார்க்க வேண்டும்.

மெகாவாட் 65531 என்று வந்தால் அது மைனஸ் 5. நிலையம் குறியுடன் கூடிய 16 பிட் எண்ணை அனுப்புகிறது, கேட்வே குறியில்லாத எண்ணாகப் படிக்கிறது. குந்தா, மாயாறு, சிங்காரா போன்ற நீர்மின் நிலையங்களோடு இணைந்த மலைப்பாதைகளில் இந்தக் கோளாறு நாள்முழுதும் தெரியாது. இயந்திரம் ஓடும் உச்ச நேரத்தில் மின்திறன் ஒரு திசையில் பாயும், எண் சரியாக இருக்கும். இயந்திரம் நின்று திசை மாறிய பிறகுதான் 65 ஆயிரம் மெகாவாட் திரையில் முளைக்கும். ஆகவே, மதியம் சோதித்துச் சரி என்று கையெழுத்திட்ட பட்டியலை நம்பாமல், இரு திசையிலும் சோதித்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

மாட்பஸ் மீட்டரிலிருந்து 32 பிட் மதிப்பு இரண்டு 16 பிட் ரிஜிஸ்டர்களாக, அதாவது இரு சொற்களாக, வருகிறது. 230 வோல்ட் என்பது பதினாறடி எண்முறையில் 4366, 0000 என்ற இரு சொற்களாக இருக்கும். கேட்வே சொற்களை முன்பின் மாற்றிப் படித்தால் 0000, 4366 ஆகி, பூச்சியத்திலிருந்து பிரித்தறிய முடியாத சிறிய எண்ணாகத் திரையில் 0 என்று காட்டும். சொற்களின் வரிசை சரியாக இருந்து, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் பைட்டுகள் மாறினால் 6643, 0000 ஆகி, 24 இலக்கங்கள் கொண்ட எண் வந்து நிற்கும். ஆக, எல்லாமே பூச்சியம் என்றால் சொல் வரிசை, வானளவு எண் என்றால் பைட் வரிசை. ஆர் கட்ட வோல்டேஜ் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் கட்டத்தின் மதிப்பு வந்து, எல்லாமே ஓர் இடம் தள்ளி நிற்கிறதென்றால் முகவரிக் கணக்கு; கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருப்பது கம்பியில் 0 என்று போக வேண்டும் என்பதைச் சிலர் கடைப்பிடிக்கிறார்கள், சிலர் 1 என்று அனுப்புகிறார்கள்.

விகிதம் மாறிய பிழைகள் எளியவை. ஐந்து மடங்கு என்றால் சிடியின் (மின்னோட்டத்தைக் குறைத்து அளக்கத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டாம் பக்கம் 1 ஆம்பியரா 5 ஆம்பியரா என்ற குழப்பம், 1.73 மடங்கு என்றால் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடைப்பட்ட வோல்டேஜையும் கட்டத்துக்கும் நியூட்ரலுக்கும் இடைப்பட்ட வோல்டேஜையும் மாற்றிக்கொண்டது. ஆயிரம் மடங்கு என்றால் கிலோவுக்கும் மெகாவுக்கும் இடையில். சிடியை மாற்றியவர்கள் ரிலேயில் மட்டும் விகிதத்தைத் திருத்திவிட்டு கேட்வேயை மறந்திருந்தால், புதிய விகிதத்தைப் பழையதால் வகுத்த ஈவு எவ்வளவோ அவ்வளவு பிழை வரும்.

நிகழ்வுகளின் நேரம் பொருந்தவில்லை

ஒரு லைன் ட்ரிப் ஆனபின் எது முதலில் என்று ஆராய, எல்லா நிலையங்களின் நிகழ்வுப் பதிவுகளும் ஒரு மில்லிநொடிக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்கவில்லை என்றால், எவ்வளவு விலகல் என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் இந்தப் பகுதியில் ஊகத்துக்கு இடம் குறைவு.

ஐந்தரை மணி நேரம் பிந்தினால் உலக நேரம், இந்திய நேரமாக மாற்றப்படாமல் அப்படியே வருகிறது. ஐந்தரை மணி முந்தினால் இரு முறை மாற்றப்பட்டிருக்கிறது: ரிலே ஒரு முறை, கேட்வே ஒரு முறை. எந்தக் கருவியில் மாற்றுவது என்பதை நிலையம் முழுவதற்கும் ஒரே இடத்தில் முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். என் கருத்தில், நிலையத்துக்குள் 61850 கருவிகள் யாவும் உலக நேரத்திலேயே இருந்து, மாற்றம் கேட்வேயில் மட்டும் நடப்பதே தொல்லையற்றது.

18 நொடி வித்தியாசம் என்றால், ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் இடையிலான லீப் நொடித் திருத்தம் செய்யப்படவில்லை. 2017-இன் தொடக்கத்திலிருந்து அந்த இடைவெளி 18 நொடியாக இருக்கிறது. 37 நொடி என்றால், நேரம் வழங்கும் பிடிபி நெறிமுறை அணுநேரத்தைக் கொடுக்க, அதைப் பெறும் கருவி அதையே உலக நேரமாக எடுத்துக்கொள்கிறது.

தேதியே ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் போயிருந்தால், ஜிபிஎஸ் வாரக் கணக்கின் சுழற்சி. அந்தக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒரு முறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. சில ரிசீவர்கள் அன்றே தடுமாறாமல், தங்கள் ஃபர்ம்வேர் எழுதப்பட்ட நாளிலிருந்து 1024 வாரம் கழித்துத் தடுமாறும் என்பதால், 2019-ஐத் தாண்டிவிட்டது, கவலையில்லை என்று இருக்க முடியாது. 1970 ஜனவரி 1 காலை 5:30 என்று வந்தால் கருவி மின்சாரம் போய்த் திரும்பி, நேர ஒத்திசைவு கிடைக்குமுன் நிகழ்வை எழுதிவிட்டது. லீப் ஆண்டின் மார்ச் முதல் ஒரு நாள் தள்ளிப்போனால், ஆண்டைச் சுமக்காத ஐரிக்-பி நேரச் சமிக்ஞையைப் பெறும் கருவி தவறான ஆண்டை வைத்துக்கொண்டு நாளெண்ணைத் தேதியாக மாற்றுகிறது என்று கொள்ளலாம்.

கால் நொடி அளவுக்கு நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால், 104 வழியாக மையம் அனுப்பும் நேரக் கட்டளையையே ஆர்டியு நம்பியிருக்கிறது, அந்தக் கட்டளை செயற்கைக்கோள் வழியே தாமதித்து வருகிறது. நிலையத்திலேயே ஜிபிஎஸ் கடிகாரம் வைத்து, மையத்தின் நேரக் கட்டளையை ஆர்டியுவில் முடக்க வேண்டும். இரண்டையும் விட்டுவைத்தால் அவை மாறிமாறி இழுத்துக்கொண்டிருக்கும்.

பள்ளத்தாக்கில் அமைந்த நிலையங்களில் வானம் குறுகலாகவே தெரியும். சோலை மரங்களும் மறைக்கும். ரிசீவர் தன் இடத்தைக் கணிக்க நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. இடத்தை முன்கூட்டியே பதிந்து நிலையான இட முறையில் வைத்துவிட்டால் நேரத்துக்கு ஒன்றே போதும். இந்த வசதி பெரும்பாலான நேர ரிசீவர்களில் உண்டு, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. ஆன்டெனாவை உயரத்தில் வைக்கும்போது கேபிளுக்கு இடி தாங்கியும் வைக்க வேண்டும். கோடை இடிமழையில் முதலில் பலியாவது அந்த ரிசீவரின் உள்ளீடுதான்.

பிரேக்கர் நிலை தவறு, அல்லது அலாரம் மழை

மையத்திலிருந்து வரும் தொலைபேசி இப்படித்தான் இருக்கும்: "தம்பி, உங்க 110 கேவி பிரேக்கர் ஓப்பன்னு காட்டுதே?" "சார், யார்டுக்குப் போய்ப் பார்த்துட்டேன், குளோஸ்லதான் நிக்குது. லோடும் போகுது." பிரேக்கர் நிலை இரு பிட்டில் வருகிறது, 01 என்றால் திறந்தது, 10 என்றால் மூடியது, 00-உம் 11-உம் தெளிவற்றவை. நேர்மாறாகக் காட்டினால் துணைத் தொடர்பின் இரு கம்பிகள் டெர்மினலில் இடம் மாறியிருக்கின்றன, அல்லது கேட்வேயில் பிட்டுகள் தலைகீழாக அமைக்கப்பட்டிருக்கின்றன. எதுவென்று அறிய டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்து அளந்தால் போதும். தெளிவற்ற நிலை நிலைத்திருந்தால் ஒரு கம்பி அறுந்திருக்கிறது அல்லது தொடர்பில் களிம்பு படிந்திருக்கிறது.

மூடுபனி இறங்கும் மாலையில் தொடங்கி, வெயில் ஏறியதும் நின்றுவிடும் அலாரங்களுக்கு மென்பொருளில் விடை தேட வேண்டாம். யார்டின் மார்ஷலிங் பெட்டியை (கம்பிகள் வந்து கூடும் பெட்டி) திறந்தால் கூரையின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தொங்குவதையும், கேபிள் நுழையும் தட்டின் ஒரு துளை அடைக்கப்படாமல் இருப்பதையும், ஹீட்டரின் ஃபியூஸ் எப்போதோ போயிருப்பதையும் காணலாம். டெர்மினல் வரிசையில் பச்சை படிந்த இடமே ஈரம் மின்சாரத்துக்குப் பாதை போட்ட இடம். டிசி புவிக்கசிவு ரிலேயும் சேர்ந்து எழுந்திருந்தால் ஐயமே இல்லை. ஹீட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் சரிசெய்து, துளையை அடைத்து, டெர்மினலைத் துடைத்து உலர்த்திய பிறகும் ஓரிரு பாயிண்டுகள் துடித்தால் மட்டும் உள்ளீட்டு வடிகட்டும் நேரத்தைச் சில மில்லிநொடிகள் கூட்டலாம். முதலிலேயே வடிகட்டியைக் கூட்டுவது நோயை மறைப்பதாகும்; உண்மையான நிகழ்வின் வரிசையும் அதனால் கெடும்.

கட்டளை போகவில்லை

மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. கேட்வேயே காரண எண் 47-ஐத் திருப்பினால் முகவரி. 44 என்றால் மையம் ஒற்றைக் கட்டளை அனுப்ப, கேட்வே இரட்டைக் கட்டளை எதிர்பார்க்கிறது, அல்லது அதன் நேர்மாறு. கேட்வே ஏற்று, ரிலே மறுத்தால், ரிலேயின் பதிவில் காரணம் இருக்கும்: தேர்வு சுவிட்ச் லோக்கலில் இருக்கிறது, இன்டர்லாக் (பாதுகாப்பு நிபந்தனை) நிறைவேறவில்லை, அல்லது கட்டளை எங்கிருந்து வந்தது என்று குறிக்கும் வகை எண்ணை கேட்வே நிலைய அளவு என்று இட, ரிலே தொலைவு என்று எதிர்பார்க்கிறது. தேர்ந்தெடுத்துப் பின் இயக்கும் முறையை ஒரு பக்கமும், நேரடி முறையை மறுபக்கமும் வைத்திருப்பதும் அடிக்கடி காணப்படுவது. பிரேக்கர் இயங்கிவிட்டது, மையம் மட்டும் தோல்வி என்கிறது என்றால் பின்னூட்டம் தாமதித்து வருகிறது. காலவரம்பைக் கூட்டினால் போதும்.

61850 பக்கம் மட்டும் பேசவில்லை

ரிலேயின் ரிப்போர்ட் பிளாக்குகள் (தகவல் பெறும் கிளையண்டுக்கு ஒதுக்கும் இடங்கள்) எண்ணிக்கையில் குறைவு. சோதனைக்கு வந்தவரின் லேப்டாப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடுவிக்காமல் போயிருந்தால், கேட்வே மறுதொடக்கத்துக்குப் பின் தனக்கு இடமில்லாமல் நிற்கும். ரிலேயை அணைத்து ஏற்றினால் சரியாகிவிடும் என்பதாலேயே இதன் காரணம் பல இடங்களில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனி இன்ஸ்டன்ஸ் ஒதுக்கி அமைப்புக் கோப்பில் எழுதுவதே நிலையான தீர்வு. கூஸ் செய்தி (ரிலேக்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் விரைவுச் செய்தி) வராவிட்டால் விலான் எண், பன்முக முகவரி, அமைப்புத் திருத்த எண் ஆகிய மூன்றையும் இரு முனையிலும் ஒப்பிட வேண்டும். ஒரு ரிலேயின் தரவுத்தொகுப்பை மட்டும் மாற்றி, நிலையம் முழுவதற்கும் பொதுவான எஸ்சிடி அமைப்புக் கோப்பைப் புதுப்பிக்காமல் விட்டால் திருத்த எண் பொருந்தாது, பெறும் ரிலே செய்தியைப் புறக்கணிக்கும். வழக்கமான கூஸ் ரவுட்டரைத் தாண்டாது என்பதையும் மறக்கக்கூடாது.

மீட்டர் கணக்கும் ஸ்காடா கணக்கும் ஒத்துவரவில்லை

டிஎல்எம்எஸ் நெறிமுறை பேசும் மீட்டரில் 1.0.1.8.0.255 என்ற குறியீடு வாங்கிய மின்னாற்றலைக் குறிக்கும். மதிப்பு ஒரு பண்பிலும், அதன் பத்தின் அடுக்கும் அலகும் வேறொரு பண்பிலும் இருக்கும். அலகு எண் 30 என்றால் வாட்மணி. அந்த அலகுப் பண்பைப் படிக்காமல் கிலோவாட்மணி என்று ஊகித்த மென்பொருள் ஆயிரம் மடங்கு கூட்டிக் காட்டும். எல்லா மதிப்புகளும் சரியாக இருந்து அரைமணி மட்டும் தள்ளியிருந்தால், ஒரு பக்கம் கால இடைவெளியின் தொடக்கத்தையும் மறுபக்கம் முடிவையும் நேர முத்திரையாக இடுகிறது. ஒரு ஃபீடருக்கு மட்டும் தரவு சேரவில்லை என்றால் பெயரைப் பார்க்க வேண்டும்: ஒரு தரவுத்தளத்தில் ஊட்டி, மற்றொன்றில் உதகை, மூன்றாவதில் உதகமண்டலம் என்று இருந்தால் பெயரை வைத்துச் சேர்க்கும் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். நிலையத்துக்கும் ஃபீடருக்கும் மாறாத அடையாள எண் கொடுத்து, எல்லா அமைப்புகளும் அந்த எண்ணிலேயே சேரும்படி செய்ய வேண்டும்; திருத்திய பின், அதே ஃபீடரின் ஒரு முழு நாள் அரைமணி மதிப்புகளைக் கூட்டி, மீட்டர் முகப்பில் எழுதியெடுத்த இரு வாசிப்புகளின் வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.